இருப்புப்பாதை கண்ட நாடுகள் – 14: நாலாயிரம் பேர் என்ற கோடு

டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு முதல் ஷின்கான்சென் கிளம்பிய 1964 அக்டோபர் 1-ஆம் தேதியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கொண்டாட்டம் ஓய்வதற்குள், நான்கே நாள் கழித்து, வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. பிஃபுகா என்ற சிற்றூரில் புறப்பட்டு, அதைவிடச் சிறிய நியுப்பு வரை 21 கிலோமீட்டர் போய், காட்டுக்கு நடுவே நின்றுவிடும் ஒற்றைப் பாதை. ஓகோட்ஸ்க் கடலோரம் வரை அது போயிருக்க வேண்டும். மிச்சத் தூரத்திலும் மண் நிரவினார்கள், சுரங்கம் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள். ஆனால் ரயில் மட்டும் கடலைப் பார்க்கவே இல்லை.

ஷின்கான்சென்னையும் இந்தக் காட்டுப் பாதையையும் நடத்தியது ஒரே நிறுவனம்தான்: 1949-ல் உருவான ஜப்பான் தேசிய ரயில்வே. உலகமே வியந்து பார்த்த அதே 1964-ஆம் ஆண்டின் கணக்கை மூடியபோது, அந்த நிறுவனம் நஷ்டத்தில் நின்றது. அதன்பிறகு லாபம் என்ற சொல் அதன் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பவில்லை. அதிவேக ரயிலின் கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சிற்றூர் நிலையங்கள் எப்படி வந்தன, யார் பொறுப்பில் இருந்தன, எப்படி ஒவ்வொன்றாக மூடப்பட்டன என்பதுதான் இந்த வாரக் கதை. ஜப்பானின் ரயில் வரலாற்றில் என்னை அதிகம் கட்டிப்போடுவது இந்தப் பகுதிதான்.

ஆள் அதிகமில்லாத மலைநாட்டிலும் பனிநாட்டிலும் இத்தனை பாதைகள் எப்படி வந்தன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அரசியலில் இருக்கிறது. 1918-ல் பிரதமரான ஹரா தகாஷியும் அவருடைய செய்யூகாய் கட்சியும், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ரயில் போகவேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். ரயில் வந்தால் ஓட்டு வரும் என்பதும் அதில் அடக்கம். ஹராவின் சொந்த மாகாணமான இவாத்தேயில் அதற்கு அடையாளமாக ஒரு பாதை இன்றும் இருக்கிறது. இச்சினோசெகியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும் ஓஃபுனாதோ பாதை, ரிகுச்சூ-கான்சாகி என்ற ஊரில் திடீரென்று வடக்கே திரும்பும். சுரிசாவா வரை போய், அங்கிருந்து தெற்கே மடங்கி, செம்மாயாவைத் தொட்ட பிறகுதான் மறுபடி கிழக்கே போகும். 1920 தேர்தலில் செய்யூகாய் வேட்பாளர் ஜெயித்ததால் பாதை சுரிசாவாவுக்கு வளைந்தது. அடுத்து எதிர்க்கட்சியின் கை ஓங்கியதும் செம்மாயாவுக்கு மடங்கியது. வரைபடத்தில் பார்த்தால் சட்டியின் வளைந்த கைப்பிடி போலத் தெரியும். அந்தப் பக்கத்து மக்கள் பாதையை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

ஹரா 1921 நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ் மாற்றும் வேலை பார்த்த இளைஞன். அவர் போனபின் 1922-ல் நிறைவேறிய ரயில்பாதை அமைப்புச் சட்டம், ஏறத்தாழ 150 பாதைகளைப் பட்டியலிட்டு, 10,000 கிலோமீட்டருக்கும் மேலான தண்டவாளத்தை வருங்காலத்துக்கு வாக்களித்தது. ஒரு ஊர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் போதும். தாத்தா காலத்தில் கொடுத்த மனுவைப் பேரன் காலத்திலும் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். பிஃபுகாவின் பாதை 1964-ல் வந்ததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட நீண்ட காத்திருப்பு இருந்தது.

அரசியலை மட்டும் சொன்னால் மனு கொடுத்தவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஹொக்கைடோவின் உள்நாட்டில் ஷிராதாகி என்று ஒரு பகுதி. ஐக்கிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கிய உயேஷிபா மொரிஹெய், 1912-ல் தெற்கே வாகாயாமா மாகாணத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அழைத்துக்கொண்டு இங்கே குடியேறினார். கன்னிக் காடு, வருடத்தில் பாதி நாள் பனி. மரம் வெட்டி நிலம் திருத்தினார்கள், புதினா பயிரிட்டார்கள். உயேஷிபா 1919-ல் ஊரைவிட்டுப் போனார். மற்றவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடி ரயில் வந்தது 1929-ல். மலையைத் தாண்டி மேற்குப் பக்கத்தோடு இணைந்து இன்றைய செகிஹோகு பாதை முழுமையானது 1932-ல். குடியேறி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து வந்த ரயில் அது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகவும், பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போகவும், வெட்டிய மரம் விலைபோகவும் அந்த மக்களுக்கு வேறு வழி இல்லை.

ஷிராதாகி நிலையத்தைச் சுற்றி மேல் ஷிராதாகி, கீழ் ஷிராதாகி என்றெல்லாம் நிலையங்கள் முளைத்தன. முதலில் குடியேறிய இடத்துக்கு அருகில், ஊரார் கேட்டதன் பேரில், 1947 பிப்ரவரியில் கியூ-ஷிராதாகி நிறுத்தம் வந்தது. பழைய ஷிராதாகி என்று பொருள். அதை நிலையம் என்று சொல்லக்கூடாது. ரயில்வேயின் கணக்கில் அது தற்காலிக ஏறுமிடம் மட்டுமே.

இந்தத் தற்காலிக ஏறுமிடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டோக்கியோவின் தலைமையகத்திடம் அனுமதி வாங்கிப் புது நிலையம் திறப்பது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. ஹொக்கைடோவில் இருந்த ரயில்வே வட்டார அலுவலகங்கள் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. தங்கள் சொந்த அதிகாரத்தில், ஒரு பெட்டி நிற்கும் அளவுக்குப் பலகையால் நடைமேடை அடித்து, ஒரு பெயர்ப்பலகை நட்டு, ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்துக்கு அதிகாரபூர்வமான கிலோமீட்டர்க் கணக்கு கிடையாது. அதனால் டிக்கெட் அடுத்த முறையான நிலையம் வரைக்குமாகக் கணக்கிடப்படும். நாடு முழுவதுக்குமான கால அட்டவணைப் புத்தகத்தில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. ஹொக்கைடோ பதிப்பில்தான் இருக்கும். தலைநகரத்துக்குத் தெரியாத ஊர்களில், தலைநகரத்துக்குத் தெரியாத நிறுத்தங்கள். அவற்றில் பால் பண்ணைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நாற்பது ஆண்டு ஏறி இறங்கினார்கள். எந்த மந்திரியும் வந்து திறந்துவைக்காத இந்த நிறுத்தங்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தன் ஊரில் பனியில் நடந்துவந்து நிற்பவர்களைக் கண்ணால் பார்த்த ஒரு வட்டார அதிகாரி எடுத்த முடிவுகள் அவை.

நஷ்டம் ஏறியதும் முதல் கத்தி 1968-ல் ஓங்கப்பட்டது. ரயில்வேயின் ஆலோசனைக் குழு, 83 பாதைகளை மூடிவிட்டுப் பஸ் விடலாம் என்று பரிந்துரைத்தது. எதிர்ப்பு கிளம்பியது. பத்துப் பதினோரு பாதைகளை மூடுவதற்குள் அரசியல் காற்று திசை மாறிவிட்டது. 1972-ல் பிரதமரான தனாகா ககுவெய், பனி கொட்டும் நீகாத்தாவிலிருந்து வந்தவர். நாட்டைச் சீரமைப்பது பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், நஷ்டம் என்பதற்காகக் கிராமப்புற ரயிலை அறுத்துவிடக்கூடாது என்று வாதாடியிருந்தார். மூடுவது நின்றது. புதுப் பாதை போடுவது தொடர்ந்தது. கட்டுவதற்கென்று 1964-லேயே தனியாக ஒரு அரசு நிறுவனம் அமைக்கப்பட்டிருந்தது. அது அரசுப் பணத்தில் கட்டி ரயில்வேயின் கையில் கொடுக்கும். ஓட்டி நஷ்டப்படுவது ரயில்வேயின் பாடு. கட்டுபவரும் நடத்துபவரும் வேறாகிப்போன இந்த ஏற்பாட்டில், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் அவசியமில்லாமல் போனது.

பிஃபுகாவின் பாதையில் 1974-ல் 100 யென் சம்பாதிக்க 3,800 யென்னுக்கு மேல் செலவானது. நாட்டிலேயே மோசமான பாதை என்ற பெயர் கிடைத்தது. ஊர்த்தலைவர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். ஜப்பானின் முதல்நிலை நஷ்டப் பாதை என்று விளம்பரம் செய்து, டோக்கியோவின் பணக்கார வீதியான கின்சாவில் நின்று தன் ஊர் டிக்கெட்டைக் கூவி விற்றார். வாங்கியவர்களில் பலர் பிஃபுகா எங்கே இருக்கிறது என்று அறியாதவர்கள்.

அதே ஆண்டுகளில் ஹொக்கைடோவின் இன்னொரு மூலையில் ஒரு அதிசயம் நடந்தது. ஒபிஹிரோவிலிருந்து தெற்கே போகும் ஹிரோ பாதையில் ஐகோகு, கோஃபுகு என்று இரண்டு நிலையங்கள். கோஃபுகு என்றால் மகிழ்ச்சி. 1973-ல் தேசியத் தொலைக்காட்சி அந்த நிலையத்தைக் காட்டியதும், ஐகோகுவிலிருந்து கோஃபுகுவுக்கான டிக்கெட் காதலர்களின் தாயத்து ஆகிவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் வருடத்துக்குப் பத்து டிக்கெட் விற்றாலே அதிகம். பிறகு லட்சக்கணக்கில் விற்றது. அந்த அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த ரயிலிலும் ஏறவில்லை. பாதையின் தலைவிதியை எழுதியவர்கள் விற்ற டிக்கெட்டை எண்ணவில்லை, ரயிலில் உட்கார்ந்திருந்த ஆளைத்தான் எண்ணினார்கள். 1987 பிப்ரவரியில் ஹிரோ பாதை மூடப்பட்டது.

ஆளை எண்ணும் அந்த முறை 1980-ல் சட்டமானது. தேசிய ரயில்வே மறுசீரமைப்புச் சட்டம். ஒரு பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 4,000-க்குக் குறைந்தால் அது பஸ்ஸுக்கு உரிய பாதை. விதிவிலக்குகள் உண்டு: நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு திசையில் 1,000 பேருக்கு மேல் போனால், பஸ் போக மாற்றுச் சாலை இல்லாவிட்டால், அல்லது வருடத்தில் பத்து நாளுக்கு மேல் பனியால் சாலை அடைபட்டால், பாதை தப்பும். மூடும் பாதைக்குக் கிலோமீட்டருக்கு 3 கோடி யென் வரை மாற்று மானியம். பஸ் விட்டால் ஐந்து ஆண்டுக்கு நஷ்டம் முழுவதையும் அரசு ஈடுகட்டும். ரயிலாகவே வேறு கம்பெனி நடத்தினால் பாதியைத்தான் கட்டும். இந்த ஒரு விதியைப் படித்தாலே சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று புரிந்துவிடும். உள்ளூர்க்காரர்களோடு இரண்டு ஆண்டு பேச வேண்டும். உடன்பாடு வராவிட்டாலும் ரயில்வே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம்.

மறுபடியும் 83 பாதைகள் பட்டியலில் வந்தன. பழைய 83-க்கும் இதற்கும் எண்ணிக்கை ஒன்றாக அமைந்தது தற்செயல். முதலில் போனது ஹொக்கைடோவின் ஷிரானுகா பாதை, 1983 அக்டோபரில். அதன் கடைசித் துண்டு திறக்கப்பட்டது 1972-ல். பதினோரு ஆண்டுதான் ஆயுள். பிஃபுகாவின் பாதை 1985 செப்டம்பரில் போனது. கடைசியில் 45 பாதைகள் பஸ் வழித்தடங்களாயின. 38 வேறு கைகளுக்கு மாறி ரயிலாகவே பிழைத்தன.

அந்த 38-ல் முதலாவது சன்ரிகு ரயில்வே. வடகிழக்குக் கடற்கரையில், மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் நாடு. 1896-ல் அங்கே சுனாமி ஏறத்தாழ 22,000 பேரைக் கொண்டுபோனபோது, உதவி போய்ச்சேரச் சாலைகூட இல்லை. ரயில் வேண்டும் என்ற கோரிக்கை அந்தச் சாவிலிருந்து எழுந்தது. தேசிய ரயில்வே துண்டுதுண்டாகப் போட்டுக்கொண்டே வந்து, 1980 சட்டத்தோடு கையை விரித்தது. அப்போது இவாத்தே மாகாணமும் கரையோர நகரங்களும் கிராமங்களும் உள்ளூர்க் கம்பெனிகளும் சேர்ந்து பங்கு போட்டு ஒரு நிறுவனம் தொடங்கின. 1984 ஏப்ரல் 1-ஆம் தேதி ரயில் ஓடியது. முதல் பத்து ஆண்டு அது லாபத்தில் நடந்தது.

2011 மார்ச் 11-ல் கடல் மறுபடி வந்தது. ஷிமானோகோஷி நிலையமும் அதைத் தாங்கிய பாலமும் இருந்த இடம் தெரியவில்லை. கவிஞர் மியாசாவா கென்ஜியின் கவிதை பொறித்த கல் மட்டும் நின்றது. மியாகோவில் தலைமை அலுவலகத்துக்கு மின்சாரம் இல்லை. நிலையத்தில் நின்றிருந்த டீசல் ரயில்பெட்டிக்குச் சொந்த எஞ்சின் இருந்ததால், அதில் விளக்கும் எரியும், சூடும் கிடைக்கும். கம்பெனித் தலைவரும் ஊழியர்களும் அந்தப் பெட்டியையே அலுவலகமாக்கி, எந்தத் துண்டில் முதலில் வண்டி விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்தாம் நாள், மார்ச் 16 அன்று, குஜிக்கும் ரிகுச்சூ-நோதாவுக்கும் நடுவே ரயில் நகர்ந்தது. டிக்கெட் கேட்கவில்லை. வீடு இழந்தவர்கள் சொந்தபந்தத்தைத் தேடிப் போக, தண்ணீரும் அரிசியும் வாங்கிவர, அதில் ஏறினார்கள். 2014 ஏப்ரலில் பாதை முழுவதும் மீண்டது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கோட்டை வைத்து இந்த ஐந்தாம் நாளை எப்படி எண்ணுவது?

1987 ஏப்ரல் 1-ல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டது. ஜேஆர் என்ற பெயரில் ஆறு பயணிகள் கம்பெனிகள், ஒரு சரக்குக் கம்பெனி. விட்டுச்சென்ற கடன் 37 லட்சம் கோடி யென். அன்றைய தினம் ஹொக்கைடோவின் தற்காலிக ஏறுமிடங்களில் எஞ்சியவை முறையான நிலையங்களாயின. கியூ-ஷிராதாகிக்கும் நாற்பது ஆண்டு கழித்து அன்றுதான் அந்தத் தகுதி வந்தது.

ஜேஆர் ஹொக்கைடோ ஓட்டத்தில் நஷ்டப்படும் என்பது பிரிக்கும்போதே தெரியும். அதற்காக சுமார் 68,220 கோடி யென் நிதியாகக் கொடுத்து, அதன் வட்டியில் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள் என்றார்கள். அன்று வட்டி 7 சதவீதத்துக்கு மேல். பிறகு ஜப்பானில் வட்டி என்ன ஆனது என்பது உலகறிந்த கதை. தீவின் சிறு நிலையங்கள் ஆள் குறைந்ததால் மட்டும் சாகவில்லை. அவற்றைக் காப்பாற்ற வைத்த பணம் வங்கியில் இருந்தபடியே வருமானமில்லாமல் போனதும் ஒரு காரணம். இதைப் பலர் சொல்வதில்லை.

கம்பெனி சிக்கனத்தில் இறங்கியது. எண்பதுகளின் நடுவில் சரக்கு ரயில்களின் கடைசியில் கார்டுகள் உட்காரும் பெட்டிகள் தேவையற்றுப் போயிருந்தன. இடிந்துவிழும் மர நிலையங்களை அகற்றிவிட்டு, அந்தக் கார்டு பெட்டிகளைச் சக்கரம் கழற்றி, கான்கிரீட் கட்டைமேல் தூக்கிவைத்துக் காத்திருப்பு அறை ஆக்கினார்கள். ஹொரொனோபெயில் உள்ள நுகானான் நிலையத்தில் அதற்கும் வழியில்லை. பலகை நடைமேடை ஓரத்தில், வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டியும் வாளியும் போட்டுவைக்கும் தகரக் கொட்டகை ஒன்றுதான் காத்திருப்பு அறை. குளிர்காற்றிலிருந்து ஒதுங்கக் கதவு இருக்கிறது. அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிக்கெட் ஜன்னல் இல்லை. ஒற்றைப் பெட்டி ரயில் வந்து நிற்கும். பின்கதவில் ஏறியதும் ஒரு சிறு இயந்திரம் எண் அச்சிட்ட துண்டுச்சீட்டை நீட்டும். டிரைவரின் தலைக்குமேல் உள்ள பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவுக்கு வந்து, துண்டுச்சீட்டையும் சில்லறையையும் டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். டிரைவர்தான் கார்டு, அவரேதான் டிக்கெட் பரிசோதகர். ஜப்பானின் ரயில் நிலையங்களில் ஏறத்தாழ பாதி இன்று ஊழியர் இல்லாதவை.

இனி உலகம் முழுக்கச் சுற்றிய அந்தக் கதை. ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்று 2016 ஜனவரியில் வந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அதில் சொன்ன பெயர் மேல் ஷிராதாகி. உண்மையில் அந்த மாணவி ஏறியது நம்முடைய கியூ-ஷிராதாகியில். எங்காரு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் அதே காலை ரயிலில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் போனார்கள். அந்த நிலையத்தில் தினமும் ஏறுபவர் அவர் ஒருவர் என்பது மட்டும் சரி. அவருக்காக மூடாமல் காத்திருந்தோம் என்று கம்பெனி அறிவிக்கவில்லை. ஆள் மிகக் குறைந்த நிலையங்களை மூடும் திட்டத்தில் மேல், பழைய, கீழ் ஷிராதாகி மூன்றையும் 2015-ல் சேர்த்தார்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டும் மார்ச்சில் முடிகிறது, ரயில் அட்டவணையும் மார்ச்சில் மாறுகிறது. மாணவி படிப்பை முடித்த மாதமும் நிலையத்தை மூடிய மாதமும் ஒன்றாக அமைந்தன.

மூடிய தேதி 2016 மார்ச் 26. அதே நாள், கடலடிச் சுரங்கத்தின் வழியாக ஹொக்கைடோவுக்கு முதல் ஷின்கான்சென் வந்து சேர்ந்தது. ஒரே கம்பெனி, ஒரே அட்டவணை மாற்றம். 1964-ல் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பாதைகளைத் திறந்த நாடு, இப்போது ஒரே நாளில் பாதை ஒன்றைத் திறந்து சிறு நிலையங்களை மூடியது. மேல் ஷிராதாகி போனபின் காமிகாவா நிலையத்துக்கும் ஷிராதாகிக்கும் நடுவே 37.3 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் இல்லை. ஜேஆரின் சாதாரணப் பாதைகளில் அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு நடுவே இதைவிட நீண்ட தூரம் நாட்டில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலத்தில் அந்த இடைவெளியில் மேல் ஷிராதாகியோடு இன்னும் நான்கு நிலையங்கள் இருந்தன. அந்த நான்கும் 2001-க்குள்ளேயே நிலையங்களாக இல்லாமல் போனவை.

கருணைக் கதையை உலகம் ஏன் விரும்பியது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒரு உண்மையை மறைத்துவிட்டது. சிறு நிலையம் பிழைப்பது பெரிய கம்பெனியின் இரக்கத்தால் அல்ல. வாகாயாமாவின் கிஷி நிலையத்தில் தாமா என்ற பூனையை 2007 ஜனவரியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினார்கள், கூட்டம் குவிந்தது, பாதை பிழைத்தது என்பார்கள். பூனை கூட்டம் சேர்த்தது மெய். அதற்கு முன்பே, பழைய கம்பெனி கைவிட்ட அந்தப் பாதையின் நிலத்தை உள்ளூராட்சிகள் மாகாணத்தின் பணத்தில் வாங்கிக்கொண்டு, பத்து ஆண்டு நஷ்டத்தில் பங்கேற்பதாக வாக்குக் கொடுத்திருந்தன. அதனால்தான் 2006 ஏப்ரலில் புதுக் கம்பெனி வந்தது. பூனைக்கு உட்கார ஒரு நிலையம் இருந்தது.

ஹொக்கைடோவிலேயே கோபோரோ நிலையம் இருக்கிறது. முன்னும் பின்னும் சுரங்கம். நடுவில் நூறு மீட்டர்கூட இல்லாத வெளிச்சத் துண்டு. 1943-ல் போர்க்காலச் சரக்கு ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்காக அமைத்த இடம். அதைச் சுற்றி இன்று குடியிருப்பு இல்லை, சாலையும் இல்லை. மூடுகிறோம் என்று 2015-ல் கம்பெனி சொன்னபோது, தோயோஉரா நகராட்சி பராமரிப்புச் செலவைத் தான் ஏற்றது. ஆளரவமற்ற நிலையங்களைத் தேடிப் பயணிப்பவர்கள் ஜப்பானில் ஏராளம். அவர்களிடையே கோபோரோவுக்குத்தான் முதலிடம். நகராட்சி அதைத் தன் ஊரின் சொத்தாகப் பார்த்தது.

எல்லா ஊருக்கும் அந்தத் தெம்பு இருக்கவில்லை. 2016 ஆகஸ்டில் புயல்கள் நெமுரோ பாதையைச் சேதப்படுத்தின. இகுதோரா நிலையத்தில் அதன்பிறகு ரயில் நிற்கவே இல்லை. தகாகுரா கென் நடித்த ‘பொப்போயா’ படத்தில், ஓய்வுபெறப் போகும் ஸ்டேஷன் மாஸ்டர் பனியில் நின்ற நிலையம் அதுதான். அந்த ஆண்டு நவம்பரில், தன் பாதைகளில் ஏறத்தாழ பாதியை, 1,237 கிலோமீட்டரை, தனியாக நடத்த முடியாது என்று கம்பெனி அறிவித்தது. சரிசெய்ய யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு ஏழு ஆண்டுக்கு மேல் நீண்டு, 2024 மார்ச் கடைசியில் அந்தத் துண்டு அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. இடையே 2021 மார்ச்சில் ஒரே நாளில் 18 நிலையங்கள் போயின. அதில் 12 வடகோடிக்குப் போகும் சோயா பாதையில். 2025 மார்ச்சில் நாட்டின் கிழக்குக் கடைசி நிலையமான ஹிகாஷி-நெமுரோவும் போனது.

1980-ல் 4,000 என்று வைத்த கோடு, இன்று அரசுக் குழுவின் பரிந்துரையில் 1,000 ஆக இறங்கியிருக்கிறது. அதற்குக் குறைந்த பாதைகளைப் பற்றி அரசும் கம்பெனியும் உள்ளூராட்சியும் ஒரே மேஜையில் பேச வேண்டும் என்று 2023 அக்டோபரில் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது. என் கருத்தைக் கேட்டால், எண்ணை மாற்றியதைவிட மேஜையை மாற்றியது முக்கியம். பள்ளியின் செலவு ஒரு கணக்கில், ஆஸ்பத்திரியின் செலவு இன்னொரு கணக்கில், சாலையில் பனி வாருவது மூன்றாவது கணக்கில் என்று எழுதிவிட்டு, ரயிலை மட்டும் தனியாக நிறுத்தி நஷ்டம் எவ்வளவு என்று கேட்டதுதான் அரை நூற்றாண்டுப் பிழை.

ஃபுகுஷிமாவின் மலைக்குள் போகும் தாதாமி பாதையில் வேறு மாதிரிக் கணக்கு எழுதிப் பார்த்தார்கள். 2011 ஜூலை மழையில் பாலங்கள் அடித்துப்போய், அய்சு-காவகுச்சிக்கும் தாதாமிக்கும் நடுவே 27.6 கிலோமீட்டர் நின்றுபோனது. பஸ் விடலாம் என்றது ஜேஆர் கிழக்கு. மாகாணமும் மலை ஊர்களும் ஒப்பவில்லை. பதினோரு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2022 அக்டோபர் 1-ல் ரயில் திரும்பியது. அந்தத் துண்டின் தண்டவாளமும் பாலமும் நிலையமும் இப்போது ஃபுகுஷிமா மாகாணத்தின் சொத்து. அவற்றைப் பழுதுபார்ப்பது மாகாணமும் ஊர்களும். ரயிலும் டிரைவரும் ஜேஆரின் பொறுப்பு. ஒரு நாளைக்கு மூன்று முறை போய்வருகிறது.

(தொடரும். அடுத்த வாரம்: தைவானின் கரும்பு ரயில்கள்.)